ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு காவல்காரர்



பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்கள் உள்ளன. கேரளத்திலேயே மழை குறைந்த பகுதிகளில் இதுவும் ஒன்று. இங்கே தென்னைக்கும் காய்கறிக்கும் தண்ணீர் வேண்டுமானால் பலருக்கு ஆழ்குழாய்க் கிணறுதான் துணை. கிணறு என்றால் மோட்டார் வேண்டும். மோட்டார் என்றால் சுவரில் ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர்.

இடுக்கி மாவட்டத்திலும் இதே பெட்டி உண்டு. குமுளி, உடும்பன்சோலை பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் கோடையில் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு இந்தப் பெட்டி இருக்கிறது. மூணாறு, வண்டிப்பெரியார் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைகளில் இலையை வாட்டும் மின்விசிறிகளுக்கும், இலையை அரைக்கும் எந்திரங்களுக்கும் இதைவிடப் பெரிய பெட்டிகள் இருக்கின்றன.

பச்சைப் பட்டனை அழுத்துகிறோம். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. மோட்டார் ஓடுகிறது. சிவப்புப் பட்டனை அழுத்துகிறோம். மறுபடியும் 'டக்'. மோட்டார் நிற்கிறது.

அந்த 'டக்' சத்தம் எங்கிருந்து வருகிறது? அதைச் செய்வது யார்? அதன் பெயர்தான் ரிலே. இன்றைய பேச்சு அந்த ரிலேயைப் பற்றியது.

பெயர் வந்த கதை

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ரிலே ஓட்டம் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கோலை எடுத்துக்கொண்டு ஓடுவார். களைத்துப் போகும் இடத்தில் அடுத்தவர் நிற்பார். கோலை வாங்கிக்கொண்டு அவர் புது வேகத்தில் ஓடுவார்.

நம் ஊர்களில் அந்தக் காலத்தில் தபாலும் இப்படித்தான் போனது. இடுக்கி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. இரண்டு சமஸ்தானத்திலும் 'அஞ்சல்' என்ற சொந்தத் தபால் முறை இருந்தது. அஞ்சலோட்டக்காரர் கையில் மணி கட்டிய கோல் இருக்கும். தோளில் கடிதப் பை இருக்கும். அவர் ஓடிவந்து அடுத்தவரிடம் பையைக் கொடுப்பார். 1951ஆம் ஆண்டில் இந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது.

மின்சாரத்துக்கும் இப்படி ஒரு அஞ்சலோட்டக்காரர் தேவைப்பட்டார். தந்தி கண்டுபிடித்த காலம் அது. தந்திக் கம்பி மிக நீளமானது. அத்தனை தூரம் போகும்போது மின்சாரம் இளைத்துப் போகும். மறுமுனையில் கருவியை ஆட்ட அதற்கு வலு இருக்காது. இதற்கு அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835ஆம் ஆண்டு வாக்கில் ஒரு வழி கண்டார். இளைத்து வரும் மின்சாரம் கருவியை ஆட்ட வேண்டாம். ஒரு சிறிய ஸ்விட்சை மட்டும் தட்டிவிட்டால் போதும். அந்த ஸ்விட்ச் பக்கத்தில் உள்ள புது பேட்டரியை இணைத்துவிடும். புது பேட்டரியின் மின்சாரம் மேலே ஓடும். ஒருவர் ஓட்டத்தை அடுத்தவர் வாங்கிக்கொண்டது போல. அதனால்தான் ரிலே என்ற பெயர் வந்தது.

1844இல் அமெரிக்காவில் மோர்ஸ் என்பவரின் தந்தி ஓடத் தொடங்கியது. நம் நாட்டில் 1851இல் கல்கத்தா பக்கம் தந்தி வந்தது. 2013 ஜூலை மாதத்தில் இந்தியாவில் தந்திச் சேவை முடிந்தது. தந்தி போய்விட்டது. ரிலே போகவில்லை.

ஆணி காந்தம் ஆகும் விதம்

ரிலே எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், முதலில் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம்.

ஒரு பெரிய இரும்பு ஆணி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய செம்புக் கம்பியை ஐம்பது, அறுபது சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். கம்பியின் இரண்டு முனையிலும் உறையைச் சீவி எடுங்கள். டார்ச் விளக்கில் போடும் ஒரு செல்லின் இரு பக்கமும் அந்த முனைகளை வைத்து அழுத்துங்கள். இப்போது ஆணியைக் குண்டூசிகளின் பக்கம் கொண்டு போங்கள். குண்டூசிகள் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். செல்லை எடுத்துவிடுங்கள். குண்டூசிகள் விழுந்துவிடும்.

இந்தச் சோதனைக்கு டார்ச் செல் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது. செல்லையும் நெடுநேரம் இணைத்து வைக்கக் கூடாது. கம்பி சுடும்.

இந்தச் சோதனை சொல்வது என்ன? கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடினால் உள்ளே இருக்கும் இரும்பு காந்தம் ஆகிறது. மின்சாரம் நின்றால் காந்தம் போய்விடுகிறது. இதற்கு மின்காந்தம் என்று பெயர். மின்சாரம் ஓடும் கம்பியின் அருகில் திசைகாட்டும் காந்த ஊசி அசைவதை 1820இல் டென்மார்க் நாட்டு ஆசிரியர் அயர்ஸ்டெட் கண்டறிந்தார். 1825இல் இங்கிலாந்தில் ஸ்டர்ஜன் என்பவர் இரும்பின் மேல் கம்பி சுற்றி மின்காந்தம் செய்தார். ரிலேயின் உயிர் இந்த மின்காந்தம்தான்.

ரிலேயின் உறுப்புகள்

ரிலேயில் முக்கியமாக ஐந்து உறுப்புகள் உண்டு.

முதலாவது காயில். இது செம்புக் கம்பிச் சுருள்.

இரண்டாவது, காயிலின் நடுவில் உள்ள இரும்பு. இது அசையாது.

மூன்றாவது, அதன் எதிரில் சிறிது இடைவெளி விட்டு நிற்கும் இன்னொரு இரும்பு. இது அசையும்.

நான்காவது ஸ்பிரிங். இது அசையும் இரும்பை எப்போதும் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஐந்தாவது தொடுமுனைகள். வெள்ளி கலந்த உலோகத்தில் செய்த சிறு பொட்டுகள் இவை. அசையும் இரும்போடு சில பொட்டுகள் சேர்ந்து நகரும். சில பொட்டுகள் எதிரில் அசையாமல் இருக்கும்.

காயிலில் மின்சாரம் வந்தால் நடு இரும்பு காந்தம் ஆகும். அசையும் இரும்பை இழுக்கும். ஸ்பிரிங்கின் பலத்தைக் காந்தத்தின் பலம் வென்றுவிடும். இரும்பும் இரும்பும் மோதும். 'டக்' என்ற சத்தம் அதுதான். அதே நேரத்தில் பொட்டும் பொட்டும் தொட்டுக்கொள்ளும். மோட்டாருக்குப் போகும் பெரிய மின்சாரத்துக்கு வழி திறக்கும்.

காயிலில் மின்சாரம் நின்றால் காந்தம் போய்விடும். இப்போது ஸ்பிரிங் வெல்லும். பொட்டுகள் பிரியும். மோட்டார் நிற்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ரிலே சும்மா இருக்கும்போது பிரிந்து நிற்கும் முனைகள் ஒரு வகை. சும்மா இருக்கும்போது தொட்டுக்கொண்டு இருக்கும் முனைகள் இன்னொரு வகை. காயிலில் மின்சாரம் வந்தால் முதல் வகை சேரும், இரண்டாம் வகை பிரியும். ஒரே ரிலேயில் இரண்டு வகையும் இருக்கலாம். அதனால் ஒரு வேலையைத் தொடங்கும்போதே இன்னொரு வேலையை நிறுத்தவும் முடிகிறது.

யானையும் அங்குசமும்

ஐந்து குதிரைத்திறன் உள்ள மூன்று பேஸ் மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். புறப்படும் நொடியில் அது ஐந்து, ஆறு மடங்கு ஆகும். இவ்வளவு மின்சாரத்தைக் கைவிரலால் இணைப்பதும் பிரிப்பதும் ஆபத்து. தீப்பொறி பறக்கும்.

ஆனால் ரிலேயின் காயிலைப் பிடித்து வைக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். பட்டனில் ஓடுவது இந்தச் சிறு மின்சாரம் மட்டும்தான். யானையைப் பாகன் தூக்கி நகர்த்துவதில்லை. அங்குசத்தால் தொடுகிறார். யானை தன் பலத்தில் நடக்கிறது. பட்டன் அங்குசம். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் யானை. நடுவில் நிற்கும் பாகன்தான் ரிலே. மோட்டாரை இணைக்கும் இந்தப் பெரிய ரிலேக்குக் காண்டாக்டர் என்று பெயர்.

மூணாறு மலையில் ஓடும் ஜீப்பிலும் இதே வேலைதான் நடக்கிறது. சாவியைத் திருப்பினால் சிறு மின்சாரம் ஒரு ரிலேக்குப் போகிறது. அது நூறு ஆம்பியருக்கும் மேலான மின்சாரத்தை பேட்டரியிலிருந்து எடுத்து எஞ்சினைச் சுழற்றும் மோட்டாருக்குக் கொடுக்கிறது. வீட்டு ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று சத்தம் போடுகிறதே, அதுவும் ரிலேதான்.

கையை எடுத்த பிறகும் ஓடுவது எப்படி?

இங்கே ஒரு கேள்வி எழும். பச்சைப் பட்டனை ஒரு நொடிதான் அழுத்துகிறோம். கையை எடுத்தால் பட்டன் வெளியே வந்துவிடுகிறது. பிறகும் மோட்டார் ஓடுகிறதே, எப்படி?

காண்டாக்டரில் மோட்டாருக்கான பெரிய முனைகளோடு ஒரு சிறிய முனையும் இருக்கிறது. காண்டாக்டர் இழுத்தவுடன் இந்தச் சிறு முனையும் சேர்ந்துகொள்ளும். பச்சைப் பட்டன் செய்த வேலையை இனி இந்த முனை செய்யும். அதாவது, காண்டாக்டர் தன் காயிலுக்குத் தானே மின்சாரம் கொடுத்துக்கொள்கிறது. தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது.

சிவப்புப் பட்டன் அந்தச் சிறு மின்சாரத்தின் வழியில் இருக்கிறது. அதை அழுத்தினால் வழி அறுந்துவிடும். காந்தம் போகும். பிடி விடும். மோட்டார் நிற்கும்.

தேயிலைத் தொழிற்சாலைகளில் எந்திரத்தின் பக்கத்தில் காளான் போலப் பெரிய சிவப்பு பட்டன் இருப்பதைத் தொழிலாளர்கள் அறிவார்கள். யாருடைய கையோ முந்தானையோ எந்திரத்தில் சிக்கினால், அதை உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் போதும். அந்த எந்திரத்தின் காண்டாக்டர் உடனே விழும். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதைப் புதிதாக வேலைக்கு வருபவர் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கரண்ட் போய் வந்தால்

தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது. திடீரென்று கரண்ட் போகிறது. காயிலிலும் மின்சாரம் இல்லை. காண்டாக்டர் விழுந்துவிடும். சிறு முனையும் பிரிந்துவிடும். அரை மணி கழித்துக் கரண்ட் வருகிறது. மோட்டார் தானாக ஓடாது. யாராவது வந்து பச்சைப் பட்டனை அழுத்த வேண்டும்.

இது தொந்தரவு என்று சிலர் நினைக்கிறார்கள். அது தொந்தரவு அல்ல, பாதுகாப்பு. கரண்ட் இல்லாத நேரத்தில் ஒருவர் பம்பின் மூடியைத் திறந்து கைவிட்டுக் குப்பை எடுத்துக்கொண்டு இருக்கலாம். ஒரு குழந்தை பெல்ட்டைத் தொட்டு விளையாடிக்கொண்டு இருக்கலாம். அப்போது மோட்டார் தானாகச் சுழன்றால் என்ன ஆகும்? காண்டாக்டர் அதைத் தடுக்கிறது.

கரண்ட் வந்ததும் தானாக ஓடவைக்கும் 'ஆட்டோ' கருவிகளும் இப்போது பல தோட்டங்களில் உள்ளன. இரவில் எழுந்து போக வேண்டாம் என்பது அதன் வசதி. ஆனால் அந்தத் தோட்டத்தில் மோட்டார் எந்த நொடியிலும் ஓடலாம். அதனால் மோட்டாரைத் தொடும் முன் மெயின் ஸ்விட்சை நிறுத்த வேண்டும். பியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் இல்லை என்பதை நம்பி எந்த வேலையும் செய்யக் கூடாது.

சூட்டை உணரும் ரிலே

ஸ்டார்ட்டர் பெட்டியில் காண்டாக்டருக்குக் கீழே இன்னொரு ரிலே இருக்கிறது. ஓவர்லோடு ரிலே என்று பெயர். மோட்டாரின் உயிரைக் காப்பது இதுதான்.

மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கும் நேரங்கள் உண்டு. பம்பில் மணல் அடைத்தால் இழுக்கும். பேரிங் இறுகினால் இழுக்கும். வோல்டேஜ் குறைந்தால் இழுக்கும். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மற்ற இரண்டிலும் மிக அதிகமாக இழுக்கும். மோட்டார் உறுமும். சூடேறும். சில நிமிடங்களில் காயில் எரிந்துவிடும்.

ஓவர்லோடு ரிலேயில் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டைகள் இருக்கின்றன. மோட்டாருக்குப் போகும் மின்சாரம் இந்தப் பட்டைகளைச் சூடாக்கும். சூட்டில் ஒரு உலோகம் அதிகம் நீளும். மற்றது குறைவாக நீளும். அதனால் பட்டை வளையும். மின்சாரம் அளவுக்கு மேல் போனால் பட்டை அதிகம் வளைந்து ஒரு நெம்புகோலைத் தள்ளும். அது காண்டாக்டர் காயிலுக்குப் போகும் வழியை அறுக்கும். மோட்டார் நின்றுவிடும். இதைத்தான் 'டிரிப் ஆகிவிட்டது' என்கிறோம்.

மோட்டார் புறப்படும்போதும் ஐந்து, ஆறு மடங்கு மின்சாரம் போகிறதே, அப்போது ஏன் டிரிப் ஆவதில்லை? பட்டை சூடேறச் சிறிது நேரம் வேண்டும். புறப்படும் வேகம் சில நொடிகளில் அடங்கிவிடும். அதற்குள் பட்டை போதிய அளவு வளையாது. நல்ல காவல்காரர் ஒரு சிறு சத்தத்துக்கெல்லாம் ஊரை எழுப்ப மாட்டார். சத்தம் தொடர்ந்தால்தான் எழுப்புவார்.

எண்ணைப் படித்துப் பாருங்கள்

ஓவர்லோடு ரிலேயில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைச் சுற்றி எண்கள் இருக்கும். அவை ஆம்பியர் எண்கள். மோட்டாரின் மேலே ஒரு தகடு அடித்திருப்பார்கள். அதிலும் 'ஆம்ப்' என்ற குறிப்பின் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். கிணற்றுக்குள் இறங்கும் மோட்டார் என்றால், வாங்கும்போது கொடுத்த கையேட்டில் அந்த எண் இருக்கும்.

பச்சை, சிவப்பு என்ற இரண்டு பட்டன் மட்டும் உள்ள சாதாரண ஸ்டார்ட்டரில் இந்த இரண்டு எண்ணும் பொருந்தி இருக்க வேண்டும். தகட்டில் 7 என்று இருந்தால் ரிலேயிலும் 7 இருக்க வேண்டும். தகட்டில் 7, ரிலேயில் 12 என்று இருந்தால் அந்த ரிலே காவல் காக்காது. திருடன் வீட்டுக்குள் வந்த பிறகும் தூங்கும் காவல்காரர் அவர். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் கணக்கு வேறு. அதற்கு எலக்ட்ரீசியனைக் கேட்க வேண்டும்.

தகட்டில் உள்ள எழுத்து ஆங்கிலமாக இருக்கலாம். எண் எல்லாருக்கும் ஒன்றுதான். எழுத்தும் எண்ணும் கற்றவர் தம் மோட்டாரின் எண்ணைத் தாமே பார்க்கலாம். நோட்டில் எழுதி வைக்கலாம். எலக்ட்ரீசியன் வந்து போன பிறகு ரிலேயின் எண் மாறியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். மெயினை நிறுத்திவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

'டைரக்ட்' கொடுப்பது தவறு

பயிர் வாடுகிறது. கரண்ட் இருக்கும் நேரம் குறைவு. மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகிறது. அந்த நேரத்தில் மனிதருக்குக் கோபம் வரும். ரிலே மேல் கோபப்பட்டுச் சிலர் செய்யும் காரியங்கள் இவை.

ரிலேயின் இரண்டு முனையையும் கம்பியால் கட்டி 'டைரக்ட்' கொடுத்துவிடுவார்கள். திருகை அதிக எண்ணுக்குத் திருப்புவார்கள். காண்டாக்டர் இழுக்காவிட்டால் குச்சியால் தள்ளிக் கயிறு கட்டி நிறுத்துவார்கள்.

அன்றைக்குத் தண்ணீர் பாயும். ஆனால் கயிறு கட்டிய காண்டாக்டர் சிவப்புப் பட்டனுக்குக் கட்டுப்படாது. ஆபத்து வந்தால் மோட்டார் நிற்காது. கம்பி கட்டிய ரிலே டிரிப் ஆகாது. மோட்டாரின் காயில் எரியும். காயில் கட்ட ஆயிரக் கணக்கில் பணம் வேண்டும். ஆழ்குழாயிலிருந்து மோட்டாரை மேலே தூக்க ஆள்கூலி வேண்டும். அது திரும்பி வரும்வரை பயிருக்குத் தண்ணீர் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்த பெட்டியில் குச்சியை விடுபவரின் உயிருக்கே ஆபத்து. ஈரக் கையும் ஈர மண்ணும் மின்சாரத்துக்கு நல்ல வழி.

டிரிப் ஆனால் செய்ய வேண்டியது இதுதான். சில நிமிடம் பொறுக்க வேண்டும். பட்டை ஆறட்டும். பிறகு ரீசெட் பட்டனை அழுத்தி ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம். மறுபடி டிரிப் ஆனால் நிறுத்திவிட வேண்டும். மூன்று பேஸும் இருக்கிறதா, வோல்டேஜ் சரியா, பம்பு அடைத்திருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை அழைத்துப் பார்க்க வேண்டும். ரிலே நோய் அல்ல. நோய் இருக்கிறது என்று சொல்லும் காய்ச்சல் அது.

ஒரு பேஸ் போனவுடன் நிறுத்தும் கருவி கடைகளில் கிடைக்கிறது. சிங்கிள் பேஸ் பிரிவென்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள். கிணற்றில் தண்ணீர் வற்றியதும் மோட்டாரை நிறுத்தும் கருவியும் உண்டு. அவற்றின் உள்ளேயும் 'டக்' என்று வேலை செய்வது ஒரு சிறு ரிலேதான்.

எறும்பும் விட்டிலும்

ஸ்டார்ட்டர் பெட்டிக்கு எதிரிகள் மூன்று. தூசி, ஈரம், பூச்சி.

இரும்பும் இரும்பும் சேரும் முகத்தில் தூசி படிந்தால் சரியாக ஒட்டாது. காண்டாக்டர் 'கொர்' என்று உறுமும். வோல்டேஜ் குறைந்தாலும் பிடிப்பதும் விடுவதுமாக 'டடடட' என்று அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் பொறி பறக்கும். முனைகள் கருகும். உறுமல் கேட்டால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும்.

எறும்புகள் பெட்டிக்குள் புகுந்து முனைகளுக்கு நடுவில் நசுங்கினால் முனைகள் தொடாது. பல்லி புகுந்தாலும் அப்படித்தான். 1947 செப்டம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு பெரிய கணக்கு எந்திரத்தில் கோளாறு வந்தது. ரிலேக்களால் கணக்குப் போடும் எந்திரம் அது. திறந்து பார்த்தால் ஒரு ரிலேக்குள் விட்டில் பூச்சி சிக்கி இருந்தது. அந்த விட்டிலை எடுத்து நோட்டில் ஒட்டி வைத்தார்கள். பெரிய விஞ்ஞானிகளின் ரிலேக்கும் நம் தோட்டத்து ரிலேக்கும் தொல்லை ஒன்றுதான். பெட்டியின் ஓட்டைகளை அடைத்து, மூடியை இறுக மூடி வைக்க வேண்டும்.

ரயில் பாதையில் ரிலே

கோயம்புத்தூரிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்கு ரயில் வருகிறது. முன்னால் ஒரு ரயில் நின்றால் பின்னால் வரும் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். பாதையில் ரயில் இருப்பது விளக்குக்கு எப்படித் தெரியும்?

இதற்கு ரயில்வேயில் பல இடங்களில் பயன்படும் முறை ஒன்று உண்டு. தண்டவாளத்தின் ஒரு துண்டில் ஒரு முனையில் பேட்டரி. மறுமுனையில் ரிலே. தண்டவாளத்தின் வழியாகச் சிறு மின்சாரம் ஓடி ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். பிடித்திருக்கும்வரை பச்சை காட்டலாம். ரயில் வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் திரும்பிவிடும். ரிலேக்கு மின்சாரம் இல்லை. ரிலே விழும். சிவப்பு எரியும்.

இதில் ஒரு பெரிய புத்திசாலித்தனம் இருக்கிறது. கம்பி அறுந்தாலும் ரிலே விழும். பேட்டரி தீர்ந்தாலும் விழும். தண்டவாளம் முழுதாக முறிந்து மின்சாரத்தின் வழி அறுந்தாலும் விழும். விழுந்தால் சிவப்புதான். கெட்டுப்போனாலும் பாதுகாப்பான பக்கமாகவே கெட்டுப்போகும்படி அமைத்திருக்கிறார்கள். இன்று பல நிலையங்களில் கணினி முறைகள் வந்துவிட்டன. அவற்றிலும் இந்தக் கொள்கை மாறவில்லை.

ஆனால் மனிதர் கம்பியை மாற்றி இணைத்தால் எந்த ரிலேயும் காப்பாற்றாது. 2023 ஜூன் 2ஆம் தேதி ஒடிசாவில் பாஹாநகா பஜார் நிலையத்தில் ரயில்கள் மோதின. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் இணைப்புகளை மாற்றியதில் நடந்த தவறுகளே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. பாதுகாப்புக் கம்பியில் கைவைப்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை இது காட்டுகிறது.

மின்நிலையத்திலும் ரிலே

கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் மூணாறு பக்கத்தில் உள்ள பள்ளிவாசல். 1940இல் அது ஓடத் தொடங்கியது. 1976இல் இடுக்கித் திட்டம் தொடங்கியது. மூலமட்டத்தில் மலைக்குள் குடைந்த நிலையத்தில் ஆறு எந்திரங்கள் உள்ளன. மொத்தம் 780 மெகாவாட் மின்சாரம் தர அவற்றால் முடியும்.

இத்தனை பெரிய எந்திரங்களையும் கம்பிகளையும் காப்பதும் ரிலேதான். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பிகள் ஒன்றோடு ஒன்று உரசினால் அளவில்லாத மின்சாரம் பாயும். ரிலே அதை உணர்ந்து, ஒரு நொடியின் சிறு பங்கில், பெரிய பிரேக்கரைப் பிரிக்கச் சொல்லும். இன்று உணரும் வேலையை மின்னணு ரிலேக்கள் செய்கின்றன. ஆனால் அவற்றின் கடைசி உத்தரவைக் கொண்டு போவது பல இடங்களில் இன்றும் காயிலும் முனையும் உள்ள சிறு ரிலேதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கம்பி அறுந்து தரையில் கிடந்தால், ரிலே விழுந்திருக்கும், கரண்ட் இருக்காது என்று நினைக்க வேண்டாம். பாறையிலும் காய்ந்த மண்ணிலும் விழுந்த கம்பியில் தரைக்குப் போகும் மின்சாரம் குறைவு. ரிலேக்கு அது தெரியாமலே போகலாம். கம்பியில் உயிர் இருக்கும். அருகில் போகக் கூடாது. பிறரையும் ஆடுமாடுகளையும் தள்ளி நிறுத்த வேண்டும். 1912 என்ற எண்ணுக்கோ, பக்கத்து மின்வாரிய அலுவலகத்துக்கோ உடனே சொல்ல வேண்டும்.

வீட்டைக் காக்கும் ரிலே

பல வீடுகளில் மீட்டருக்குப் பிறகு ஈ.எல்.சி.பி. என்ற கருவி இருக்கும். போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். யாராவது கரண்டுள்ள கம்பியைத் தொட்டால் சிறிது மின்சாரம் அவர் உடல் வழியாகத் தரைக்குப் போகும். கணக்கு சமமாக இருக்காது. ஒரு ஆம்பியரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் 30 பங்கு குறைந்தாலே போதும். உள்ளே இருக்கும் சிறு மின்காந்தம் தட்டிவிடும். வீட்டுக் கரண்ட் நிற்கும். உயிர் தப்பும்.

அதில் 'டெஸ்ட்' என்ற சிறு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்த வேண்டும். கரண்ட் நின்றால் கருவி நலமாக இருக்கிறது. நிற்காவிட்டால் மாற்ற வேண்டும். அடிக்கடி விழுகிறது என்பதற்காக இதையும் 'டைரக்ட்' கொடுக்கக் கூடாது. எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டியவை

மோட்டாரின் தகட்டில் உள்ள ஆம்பியர் எண்ணைப் படித்து, ரிலேயின் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

டிரிப் ஆனால் காரணத்தைத் தேட வேண்டும். கம்பி கட்டவும் கயிறு கட்டவும் கூடாது.

மோட்டாரைத் தொடும் முன் மெயினை நிறுத்திப் பியூஸ் கட்டைகளைப் பிடுங்க வேண்டும்.

பெட்டியைத் தூசியும் எறும்பும் புகாமல் மூடி வைக்க வேண்டும்.

ஈ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்த வேண்டும்.

அறுந்து கிடக்கும் கம்பியின் அருகில் போகாமல் 1912க்குச் சொல்ல வேண்டும்.

ரிலே பேசாது. அதற்குத் தெரிந்தது 'டக்' என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தவர் வீட்டில் மோட்டாரும் நிலைக்கும், உயிரும் நிலைக்கும். கேட்டதைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.